உசிலம்பட்டியில் சிங்கச் சின்னம்: ஒரு தொகுதியின் வாக்கு வரலாறு

மதுரைக்கு மேற்கே, தேனி செல்லும் சாலையில் இருக்கும் சிறுநகரம் உசிலம்பட்டி. சுற்றிலும் பெரும்பாலும் மானாவாரி நிலம். காங்கிரஸ் ஆட்சி வீழ்ந்த 1967இலும், எம்.ஜி.ஆர். முதல்முறை ஆட்சிக்கு வந்த 1977இலும் இத்தொகுதி ஃபார்வர்ட் பிளாக்கின் சிங்கச் சின்னத்தையே வெற்றிபெறச் செய்தது. வங்காளத்தைத் தளமாகக் கொண்ட ஓர் இடதுசாரிக் கட்சி இங்கே எப்படி வேரூன்றியது? பின்னர் ஏன் தளர்ந்தது? சாதிப்பற்று என்று சொல்லி இதைக் கடந்துவிடுவது வழக்கம். சாதிப்பற்று மட்டுமே காரணம் என்றால் 1979க்குப் பிந்தைய மாற்றத்தை விளக்க முடியாது. இப்பகுதி மக்கள் அரசை எந்த வடிவில் எதிர்கொண்டார்கள் என்பதோடு சேர்த்துப் பார்த்தால்தான் வாக்கின் போக்கு புலப்படும்.

ரேகைச் சட்டம்

1911ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் இப்பகுதியின் பிறமலைக் கள்ளர் சமூகத்தின்மீது படிப்படியாக விரிக்கப்பட்டது. ஊர்மக்கள் அதை ‘ரேகைச் சட்டம்’ என்றனர். ஆண்கள் கைரேகை பதிய வேண்டும். இரவில் காவலர் பார்வையில் தங்க வேண்டும். வெளியூர் போக ராதாரி என்னும் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். ரேகை பதிய மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் மாண்டனர். இம்மக்களுக்காக வழக்காடிய ஜார்ஜ் ஜோசப்பை அவர்கள் ‘ரோசாப்பூ துரை’ என்று அழைத்தனர்.

அரசின் கள்ளர் சீரமைப்புத் திட்டத்தில் பள்ளிகளும் திறக்கப்பட்டன. ஆனாலும் அன்றாடம் வாசலுக்கு வந்த அரசு, காவல்துறையே. ஆகவே எந்தக் கட்சி வந்தாலும் இங்கே கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான்: ரேகைச் சட்டத்தை நீக்குவீர்களா? 1937இல் அமைந்த ராஜாஜி அமைச்சரவை சட்டத்தை நீக்கவில்லை. அப்போது காங்கிரசில் இருந்த முத்துராமலிங்கத் தேவர் அக்கட்சியிலிருந்து விலகியதற்கு இதுவும் ஒரு காரணம். 1939இல் சுபாஷ் சந்திர போஸ் தொடங்கிய ஃபார்வர்ட் பிளாக்கில் அவர் சேர்ந்தார். சென்னை மாகாணத்தில் சட்டம் 1947இல் நீக்கப்பட்டபோது, அதன் பெருமை இப்பகுதியில் பெரிதும் அவரையே சேர்ந்தது. வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்ததும் அந்த நன்றி வாக்காயிற்று.

மூக்கையாத் தேவர் காலம்

1952இல் பெரியகுளத்தில் வென்ற பி.கே. மூக்கையாத் தேவர், 1957இல் உசிலம்பட்டிக்கு வந்தார். அவ்வாண்டுப் பட்டியலில் அவர் சுயேச்சை. அடுத்த தேர்தலில் ஃபார்வர்ட் பிளாக். 1977 தேர்தல் வரை அக்கட்சியே இங்கு வென்றது. 1963இல் முத்துராமலிங்கத் தேவர் மறைந்தபின் தமிழகத்தில் கட்சியின் முகமாக இருந்தவர் மூக்கையாத் தேவரே. 1971இல் இராமநாதபுரத்திலிருந்து மக்களவைக்குச் சென்றவர், 1974இல் கச்சத்தீவை இலங்கைக்கு அளிப்பதை அங்கே எதிர்த்துப் பேசினார். உசிலம்பட்டி, கமுதி, மேலநீலிதநல்லூர் ஆகிய ஊர்களில் கல்லூரிகள் எழ முன்னின்றார்.

கட்சியின் கொள்கை இந்த வாக்கில் எவ்வளவு பங்கு வகித்தது? மேற்கு வங்கத்தில் இடதுசாரிகளோடு நின்ற கட்சி, 1962இல் இங்கே ராஜாஜியின் சுதந்திராக் கட்சியோடு கைகோத்தது. ரேகைச் சட்டத்தை நீக்காமல் விட்ட அதே ராஜாஜியோடு சேர்ந்தும் உசிலம்பட்டி வாக்கு சிதறவில்லை. கொள்கையைவிடத் தலைவர்மீது வைத்த நம்பிக்கையே வலுவாக இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கூட்டணிக் காலம்

1979இல் மூக்கையாத் தேவர் மறைந்தார். ஒரே ஆளிடம் குவிந்திருந்த கட்சியும் தலைமையும் அதன்பின் பிளவுபட்டன. 1989இல் தி.மு.க.வும் 1991இல் அ.தி.மு.க.வும் தொகுதியைக் கைப்பற்றின. 2011இல் சிங்கம் மீண்டும் வென்றது, ஆனால் அ.தி.மு.க. கூட்டணியின் தோளில் ஏறி. 2016இலும் 2021இலும் அ.தி.மு.க.வின் இரட்டை இலை நேரடியாகவே வென்றது.

தலைமைப் பிளவோடு, மக்களின் கேள்வி மாறியதும் இதற்குக் காரணம். மானாவாரி விவசாயிக்கு இப்போது தண்ணீர் வேண்டும். வைகை அணையிலிருந்து நீர் கொண்டுவரும் 58 கிராமக் கால்வாய்த் திட்டம் பல தேர்தல்களில் வாக்குறுதியாக ஒலித்தது. ரேகையை எதிர்த்துப் போராட எதிர்க்கட்சி போதும். கால்வாய் வெட்ட ஆளுங்கட்சி வேண்டும். அரசிடமிருந்து காப்பவரைத் தேடிய வாக்கு, அரசிடமிருந்து பெற்றுத் தருபவரைத் தேடத் தொடங்கியது.

ஊராட்சித் தேர்தல் காட்டும் மறுபக்கம்

சட்டமன்ற முடிவுகளை மட்டும் பார்த்தால் தொகுதி ஒருமனப்பட்டதாகத் தோன்றும். ஆனால் இப்பகுதியில் 1996இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் பத்தாண்டுகளாகத் தலைவர் பதவியில் யாரும் நிலைக்க முடியவில்லை. வேட்புமனு தாக்கல் ஆகாது. யாரேனும் வென்றாலும் உடனே பதவி விலகுவார். 2006 அக்டோபரில்தான் முறையான தேர்தல் நடந்தது. ஒரு காலத்தில் காவல்துறையை எதிர்த்து நின்ற ஊர்க்கட்டுப்பாடு, இங்கே பக்கத்துத் தெருவின் வாக்குரிமையை முடக்கியது. தலித்துகள் உள்ளிட்ட பிற சமூகத்தினரும் இத்தொகுதியின் வாக்காளர்களே. ‘உசிலம்பட்டி வாக்கு’ என்று பொதுவாகச் சொல்லும்போது அவர்கள் பலநேரம் கணக்கில் வருவதில்லை.

முடிவுரை

உசிலம்பட்டியின் சிங்கச் சின்னம் சாதியின் மாறாத இயல்பிலிருந்து பிறந்ததன்று. ஒரு குறிப்பிட்ட சட்டம் அதற்கு அடித்தளமிட்டது. ஒரு தலைவர் அதைத் தொகுதியாக்கினார். அரசிடம் மக்கள் வைத்த கோரிக்கை மாறியபோது அது கூட்டணிக்குள் கரைந்தது. சிறுநகர வாக்கை ஆராய்வோர் சாதிவாரித் தொகையோடு நின்றுவிடாமல், அங்கே அரசு எந்தக் காலத்தில் எந்த முகத்தோடு நுழைந்தது என்பதையும், ஊரின் ஒற்றுமை யாரை வெளியே நிறுத்தியது என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.