மீட்புத் தொகை யாருக்குப் போனது?

1098-ம் ஆண்டின் கோடைக்காலம். தெற்கு இத்தாலியில் காபுவா நகருக்கு அருகே, மலையுச்சியில் இருந்த ஒரு சிற்றூருக்கு வெயிலுக்குப் பயந்து வந்து சேர்ந்தார் 65 வயதுத் துறவி ஒருவர். ஊரின் இன்றைய பெயர் லிபேரி. துறவியின் பெயர் ஆன்செல்ம். கான்டர்பரி பேராயர்; அதாவது, இங்கிலாந்துத் திருச்சபைக்கே தலைவர். மன்னர் இரண்டாம் வில்லியமோடு ஒத்துப்போகாமல், முந்தைய ஆண்டுதான் நாட்டைவிட்டுக் கிளம்பியிருந்தார்.

ஊரில் தண்ணீர்த் தட்டுப்பாடு. ஆன்செல்ம் ஜெபம் செய்து ஓரிடத்தில் தோண்டத் தொடங்கிவைத்தாராம். சில நாட்களில் கெட்டிப்பாறைக்குள்ளிருந்து நல்ல நீர் ஊறி வந்ததாம். அவருடன் பயணம் செய்த சீடர் ஈட்மர் இதை எழுதிவைத்திருக்கிறார். பேராயர் பெயரிலேயே அந்தக் கிணறு வழங்கப்பட்டது. ஆனால், கிணற்றைவிட அதிகம் பேசப்பட்டது அங்கே அவர் எழுதி முடித்த புத்தகம். ‘கடவுள் ஏன் மனிதரானார்?’ என்பது தலைப்பு. போசோ என்ற துறவி கேட்க, ஆன்செல்ம் பதில் சொல்வதாக அமைந்த நூல்.

அவிசுவாசிகளின் சார்பில் கேட்கிறேன் என்று சொல்லிக்கொண்டு போசோ தொடுக்கும் கேள்விகளில் தாட்சண்யமே கிடையாது. சர்வ வல்லமை படைத்த கடவுள் ஒரே வார்த்தையில் மன்னித்துவிட்டிருக்கக் கூடாதா? குற்றவாளியை விடுவிக்கக் குற்றமற்றவரைச் சாகக் கொடுப்பது என்ன நியாயம்?

இவை வெறும் கற்பனைக் கேள்விகள் அல்ல. ஆன்செல்மின் மாணவரும் வெஸ்ட்மின்ஸ்டர் மடாதிபதியுமான கில்பர்ட் கிறிஸ்பின், மைன்ஸ் நகரில் படித்த யூதர் ஒருவருடன் நட்போடு நடத்திய விவாதத்தை எழுதி ஆன்செல்முக்கு அனுப்பியிருந்தார். அதே மைன்ஸ் நகரில் 1096 மே மாதம், சிலுவைப் போருக்குப் புறப்பட்ட கூட்டம், இயேசுவின் சாவுக்குப் பழிவாங்குவதாகச் சொல்லி யூதர்களைக் கொன்று குவித்தது. அந்தப் பழியை யூதர்கள் எல்லோர்மீதும் சுமத்தக் கூடாது என்று கத்தோலிக்கத் திருச்சபை பொதுச் சங்கம் கூட்டி அறிவித்தது 1965-ல்தான்.

இயேசுவின் மரணத்தை எப்படிப் புரிந்துகொள்கிறோம் என்பது ஏட்டுச் சண்டையோடு முடிகிற விஷயமாக ஒருபோதும் இருந்ததில்லை.

இத்தனைக்கும், திருச்சபை தீர்ப்பு எழுதாத விஷயம் இது. இயேசு கடவுளா என்ற கேள்விக்கு 325-ல் நைசியாவில் பதில் எழுதப்பட்டது. 381-ல் கான்ஸ்டான்டிநோபிள் சங்கம் அதை விரித்தது. அவர் கடவுளும் மனிதருமாக இருப்பது எப்படி என்று 451-ல் கால்சிடன் சங்கம் வரையறுத்தது. ஒவ்வொரு முறையும் மாற்றுக் கருத்து சொன்னவர்கள் சபைக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். ஆனால், சிலுவையில் நடந்த ஒரு சாவு உலகத்தை எப்படி மீட்கும் என்பதைத் தொடக்க காலப் பொதுச் சங்கங்களில் ஒன்றுகூட வரையறுக்கவில்லை. அவர் நமக்காகச் சிலுவையில் அறையப்பட்டார் என்பதோடு விசுவாசப் பிரமாணம் நிறுத்திக்கொண்டது. எப்படி என்ற இடம் காலியாகவே இருந்தது. அந்த இடத்தை ஒவ்வொரு காலமும் தன் ஊர்ச் சட்டத்தாலும் வழக்கத்தாலும் நிரப்பிக்கொண்டது.

முதலில் வந்தது பிணைக்கைதிக் கதை. தன் உயிரைப் பலருக்கு மீட்புத் தொகையாகக் கொடுக்க வந்ததாக இயேசு சொன்னதை மாற்கு நற்செய்தி பதிவு செய்திருக்கிறது. ரோமானிய உலகத்துக்கு இது விளக்கம் தேவைப்படாத பேச்சு. கடற்கொள்ளையர் பிடித்த ஆளைப் பணம் கட்டி மீட்பதும், அடிமைக்கு விலை கொடுத்து விடுதலை வாங்குவதும் அங்கே அன்றாட நடப்பு. மனிதன் பாவத்தால் சாத்தானிடம் சிக்கிக்கொண்டான். இயேசுவின் உயிரே அவனை மீட்கக் கொடுத்த விலை. 3-ம் நூற்றாண்டில் ஓரிஜன் இப்படி விளக்கினார்.

நான்காம் நூற்றாண்டில் நீசாவின் கிரகோரி இதில் ஒரு சூழ்ச்சியையும் சேர்த்தார். இயேசுவின் மனித உடல் தூண்டிலில் கோத்த இரை. உள்ளே மறைந்திருந்த தெய்வத்தன்மைதான் முள். சாத்தான் இரையை விழுங்கினான், முள்ளில் மாட்டினான். அகஸ்டினோ தூண்டிலுக்குப் பதில் எலிப்பொறி என்றார். ஆயிரம் ஆண்டுகள் தள்ளி அந்த எலிப்பொறி ஓர் ஓவியத்தில் வந்து உட்கார்ந்தது. நியூயார்க்கின் க்ளாய்ஸ்டர்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் மெரோட் பலிபீட ஓவியம், 15-ம் நூற்றாண்டில் ராபர்ட் கம்பேனின் பட்டறையில் உருவானது. நடுப்பலகையில் வானதூதர் மரியாளுக்கு நற்செய்தி சொல்கிறார். வலப்பலகையில் தச்சர் சூசை மும்முரமாக வேலையில் இருக்கிறார். அவருடைய மேசையில் ஓர் எலிப்பொறி. கடைச் சன்னல் பலகையில் தெருவைப் பார்த்தபடி இன்னொன்று. தச்சருக்கு எலிப்பொறி எதற்கு என்று பலர் குழம்பியிருக்க, அகஸ்டினின் பிரசங்கத்தோடு அதைச் சேர்த்துப் படித்து 1945-ல் கட்டுரை எழுதினார் கலை வரலாற்றாசிரியர் மேயர் ஷபீரோ.

இந்தக் கதைக்கு அன்றே ஆட்சேபம் கிளம்பியது. கிளப்பியவர் இன்னொரு கிரகோரி, நசியான்சு ஊர்க்காரர். தொகை யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று தன் ஈஸ்டர் பிரசங்கத்தில் கேட்டார். சாத்தானுக்கு என்றால், கொள்ளைக்காரனுக்குக் கடவுளே கூலியாவது என்ன அவமானம்! பிதாவுக்கு என்றால், நம்மைச் சிறைப்பிடித்தவர் அவர் இல்லையே? ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிட வந்தபோதே வேண்டாமென்று ஆட்டுக்கடாவை மாற்றிக் கொடுத்தவர், தன் மகனின் ரத்தத்தில் மகிழ்வாரா?

ஆன்செல்ம் இந்த முடிச்சை வேறு பக்கமிருந்து அவிழ்த்தார். சாத்தானுக்கு மனிதன்மேல் எந்த உரிமையும் கிடையாது. அவனுக்குச் சல்லிக்காசும் தர வேண்டியதில்லை. கடன் கடவுளுக்குத்தான். கடவுளுக்குரிய மரியாதையை மனிதன் பாவத்தால் பறித்துவிட்டான். அன்றைய ஐரோப்பாவில் ஒருவருக்கு இழைத்த தீங்கின் கனத்தை அவருடைய அந்தஸ்தே தீர்மானித்தது. இங்கிலாந்தின் வெசெக்ஸ் பகுதியில் சாதாரணக் குடியானவரின் உயிருக்கு ஈடு 200 ஷில்லிங். பிரபுவின் உயிருக்கு 1,200. எல்லையற்ற கடவுளுக்குச் செய்த அவமரியாதை என்றால், ஈடும் எல்லையற்றதாகிவிடும். கட்ட வேண்டியவன் மனிதன். கட்டக்கூடியவர் கடவுள் மட்டும். ஆகவே, கடவுளாகவும் மனிதராகவும் இருக்கும் ஒருவர்தான் கட்ட முடியும். தண்டனை அல்லது ஈடு, இரண்டில் ஒன்று நடந்தே தீர வேண்டும் என்பது அவருடைய கணக்கு. இயேசு தானாக முன்வந்து கொடுத்த உயிர், தண்டனைக்கு இடமில்லாமல் செய்த ஈடு.

மேற்குலகம் இந்தக் கணக்கை ஏற்றது. கிழக்குச் சபைகள் ஒட்டவே இல்லை. வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்கலாம். ஜெர்மனியின் கொலோன் பேராலயத்தில் ஆன்செல்முக்கும் நூறாண்டு முந்தைய ஓக் மரச் சிலுவை ஒன்று இருக்கிறது. பேராயர் கெரோவின் பெயரால் அறியப்படுவது. 1.87 மீட்டர் உயரத்தில் செத்த மனிதரின் உடல்: தலை தொங்கிவிட்டது, கண்கள் மூடிவிட்டன, வயிறு சரிந்துவிட்டது. இஸ்தான்புல்லில் இன்று மசூதியாக இருக்கும் கோரா தேவாலயத்தில், 14-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீட்டிய சுவரோவியமோ நேர்மாறு. வெள்ளை உடையில் இயேசு பாதாளத்தின் கதவுகளை மிதித்து நிற்கிறார். ஒரு கையால் ஆதாமையும் மறு கையால் ஏவாளையும் கல்லறையிலிருந்து இழுத்தெடுக்கிறார். காலடியில் சாத்தான் கட்டுண்டு கிடக்க, சுற்றிலும் உடைந்த பூட்டுகளும் சாவிகளும் இறைந்து கிடக்கின்றன. இங்கே யாருக்கும் எதுவும் கட்டப்படவில்லை, சிறை உடைக்கப்பட்டிருக்கிறது.

ஆன்செல்ம் இறந்து முப்பது ஆண்டுகள்கூட ஆகாத நிலையில், பாரிஸ் ஆசிரியர் பீட்டர் அபெலார்ட் வேறொரு கேள்வியோடு வந்தார். ரோமருக்கு எழுதிய நிருபத்துக்கு விளக்கம் எழுதும்போது, குற்றமற்ற ஒருவரின் ரத்தத்தை விலையாகக் கேட்பது எவ்வளவு கொடூரம் என்று கேட்டார். சிலுவையில் தெரிவது கடவுளின் அன்பின் ஆழம். அதைக் கண்டு மனிதன் மனம் உருகித் திரும்பி அன்பு செய்வதே மீட்பு என்றார். கிளேர்வோ மடத்தின் பெர்னார்ட் கொதித்துப்போனார். சிலுவை வெறும் அன்புப் பாடம்தானா என்று போப்புக்குக் கடிதம் எழுதினார். 1141-ல் பிரான்ஸின் சென்ஸ் நகரில் கூடிய ஆயர் மன்றம் அபெலார்டின் கூற்றுகளைக் கண்டித்தது. போப்பும் அதை உறுதி செய்தார். அடுத்த ஆண்டே அபெலார்ட் காலமானார். சாத்தானுக்கு மனிதன்மேல் உரிமை இல்லை என்பது அவர்மேல் சுமத்தப்பட்ட குற்றங்களில் ஒன்று. அதையே சொன்ன ஆன்செல்ம் புனிதர் பட்டம் பெற்றார்.

16-ம் நூற்றாண்டில் விவகாரம் நேரடியாக நீதிமன்றத்துக்குப் போனது. ஜான் கால்வின் ஓர்லியான், பூர்ஜ் நகரங்களில் சட்டம் படித்தவர். இயேசு கொள்ளையர் கையிலோ கலவரத்திலோ செத்திருந்தால் போதாது. பிலாத்து நீதி ஆசனத்தில் உட்கார்ந்து முறைப்படி தீர்ப்புச் சொன்னதுதான் முக்கியம் என்றார். நாம் நிற்க வேண்டிய குற்றவாளிக் கூண்டில் அவர் நின்றார், நமக்குரிய தண்டனையை அவர் வாங்கிக்கொண்டார். ஆன்செல்மிடம் தண்டனையைத் தவிர்த்த ஈடு, இங்கே தண்டனையாகவே மாறிவிட்டது. சீர்திருத்தச் சபைகள் பலவற்றின் பிரசங்க மேடைகளில் இன்றும் கேட்பது இந்த விளக்கம்தான்.

இதைக் குறுக்கு விசாரணை செய்தவர், இத்தாலியில் பிறந்து போலந்தில் செல்வாக்கு பெற்ற ஃபவுஸ்தோ சோசினி. 1594-ல் அச்சான அவர் நூலின் வாதம் சுருக்கமானது. கடன் முழுக்க அடைந்துவிட்டது என்றால், அங்கே மன்னிப்பு எங்கே இருக்கிறது? பணக்கடனை இன்னொருவர் கட்டலாம். மரண தண்டனையை இன்னொருவருக்கு மாற்ற முடியுமா? 1617-ல் இதற்குப் பதில் எழுதியவர் சாதாரண ஆள் இல்லை. சர்வதேசச் சட்டத்தின் தந்தை என்று பின்னாளில் புகழப்பட்ட டச்சு வழக்கறிஞர் ஹ்யூகோ குரோஷியஸ். கடவுளைக் கடன் கொடுத்தவராகப் பார்க்காதீர்கள், ஆட்சியாளராகப் பாருங்கள் என்றார் அவர். ஆட்சியாளர் தண்டனையைத் தளர்த்தலாம். ஆனால், சட்டத்தின் மேல் பயம் போய்விடக் கூடாது. குற்றத்தின் கனத்தை ஊரறியக் காட்டிவிட்டு மன்னித்த இடம் சிலுவை.

அடுத்த ஆண்டே குரோஷியஸ் கைதானார். இயேசு எல்லோருக்காகவும் மரித்தாரா, தெரிந்தெடுக்கப்பட்டவர்களுக்காக மட்டுமா என்ற சண்டை, நெதர்லாந்தின் அரசியல் சண்டையோடு கலந்திருந்தது. 1618-19-ல் டோர்ட் நகரில் கூடிய திருச்சபை மன்றம், அந்த மரணத்தின் மதிப்பு உலகம் முழுவதற்கும் போதும், ஆனால் பலன் தெரிந்தெடுக்கப்பட்டவர்களுக்கே என்று தீர்ப்பளித்தது. குரோஷியஸும் சேர்ந்திருந்த, தோற்ற தரப்பின் அரசியல் தலைவர் ஓல்டன்பார்னவெல்ட், 1619 மே 13 அன்று தி ஹேக் நகரில் தலை வெட்டிக் கொல்லப்பட்டார். லோவஸ்டைன் கோட்டையில் ஆயுள் கைதியாக இருந்த குரோஷியஸ், 1621-ல் மனைவி மரியாவின் யோசனைப்படி, புத்தகம் கொண்டுபோகும் பெட்டிக்குள் சுருண்டு படுத்துத் தப்பினார். காவலர்களே பெட்டியைச் சுமந்து கொண்டுபோய் வெளியே விட்டார்கள்.

20-ம் நூற்றாண்டு பழைய பொருளைத் தூசி தட்டியது. ஸ்வீடன் நாட்டு கஸ்தாவ் ஔலேன் 1930-ல் உப்சாலாவில் ஆற்றிய உரைகளில், சிலுவை என்பது தீய சக்திகளைக் கடவுள் வென்ற போர்க்களம் என்ற ஆதிச் சபையின் பார்வையை மீண்டும் முன்வைத்தார். சென்னையில் வழக்கறிஞராகவும் தொழிற்சங்கத் தலைவராகவும் மேயராகவும் இருந்த வி.சக்கரை, இயேசுவை மறையாத நிலையான அவதாரமாகக் கண்டு, 1932-ல் சிலுவையையும் இந்தியச் சிந்தனையையும் பற்றித் தனி நூலே எழுதினார். அமெரிக்கக் கறுப்பின இறையியலாளர் ஜேம்ஸ் கோன், தன் மக்கள் கும்பல் கொலையில் தொங்கிய மரங்களுக்குப் பக்கத்தில் சிலுவையை நிறுத்தி 2011-ல் எழுதினார். இந்த ஒற்றுமை வெள்ளைக்கார இறையியலாளர்கள் கண்ணில் எப்படிப் படாமல் போனது என்றும் கேட்டார்.

சண்டை ஓயவில்லை. அமெரிக்க பிரஸ்பிடேரியன் திருச்சபை 2013-ல் புதிய பாடல் புத்தகம் வெளியிட்டது. ‘இன் கிரைஸ்ட் அலோன்’ என்ற புகழ்பெற்ற பாடலைச் சேர்க்க விரும்பிய குழு, கடவுளின் கோபம் சிலுவையில் தணிந்ததாகச் சொல்லும் வரியில் கோபத்துக்குப் பதிலாக அன்பை வைக்க அனுமதி கேட்டது. கீத் கெட்டி, ஸ்டூவர்ட் டவுன்எண்ட் ஆகிய இரு ஆசிரியர்களும் ஒரு சொல்லையும் மாற்ற முடியாது என்றார்கள். குழுவில் வாக்கெடுப்பு நடந்தது. சேர்க்கலாம் என்றவர்கள் 6 பேர், வேண்டாம் என்றவர்கள் 9 பேர். புத்தகம் அந்தப் பாடல் இல்லாமலே அச்சானது.

(தொடரும்)