ஒரு காரைக் காப்பாற்ற இன்னொரு கார்

சேலம் மாவட்டத்தில் கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் நடுவே இருக்கும் தம்மம்பட்டி, மரச்சிற்பத்துக்குப் பேர்போன ஊர். சாமி சிலைகள், வாசற்கதவுகள், கோயில் வாகனங்கள் எல்லாம் இங்கே செதுக்கப்பட்டு வெளியூர்களுக்குப் போகின்றன. புவிசார் குறியீடும் இந்தத் தொழிலுக்குக் கிடைத்திருக்கிறது.

இதில் கோயில் வாகனத்தை மட்டும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பெரிய தேர் இருக்கும்போது அன்னம், சிம்மம், யானை, குதிரை என்று தனித்தனி வாகனங்கள் எதற்கு? சமயக் காரணங்கள் பல உண்டு. கூடவே சாதாரண உலக வழக்குக் கணக்கு ஒன்றும் பொருந்தி வருகிறது. இலுப்பையிலும் தேக்கிலும் இழைத்த தேர் மழையிலும் வெயிலிலும் அலையக் கூடாது. திருவிழாவில் ஓடிவிட்டு மீதி நாளெல்லாம் அது தகரக் கொட்டகைக்குள் நிற்கும். மற்ற புறப்பாடுகளை வாகனங்கள் பார்த்துக்கொள்ளும்.

இதே கணக்கைத்தான் பனி கொட்டும் நாடுகளில் கார் பிரியர்களும் போட்டார்கள். ஆசையாக வாங்கிய ஸ்போர்ட்ஸ் காரைக் குளிர்காலம் முழுக்க ஷெட்டில் பூட்டிவிட்டு, அந்த நாலைந்து மாதத்தை ஓட்ட ஒரு மலிவான பழைய காரை வாங்கினார்கள். ஜெர்மனியில் இதற்கு 'வின்டர் ஆட்டோ' என்று பெயர். வட அமெரிக்காவில் 'வின்டர் பீட்டர்' என்பார்கள். அடி வாங்குவதற்கென்றே வாங்கிய வண்டி என்று வைத்துக்கொள்ளலாம். இந்தப் பழக்கம் எப்படி வந்தது?

உப்புக்கு முன்னால்

கார் வந்த புதிதில் இரண்டாவது காருக்குத் தேவையே இல்லை. குளிர்காலத்தில் பலர் காரே ஓட்டவில்லை. அமெரிக்காவில் 1919ல் விற்ற கார்களில் பத்தில் ஒன்றுதான் கூரையும் கண்ணாடிகளும் கொண்ட மூடிய கார். மீதியெல்லாம் திறந்த வண்டிகள். பனி விழ ஆரம்பித்ததும் ரேடியேட்டர் தண்ணீரை வடித்துவிட்டு, வண்டியைக் கட்டைகள் மேல் ஏற்றி வைத்துவிடுவார்கள். வெளியே போக இருக்கவே இருக்கிறது குதிரை வண்டி.

1927க்குள் நிலைமை தலைகீழானது. மூடிய கார்களின் பங்கு 85 சதவீதத்தைத் தொட்டது. தண்ணீர் உறைந்து என்ஜினை உடைக்காமல் தடுக்கும் கிளைக்கால் திரவமும் அதே ஆண்டில் கடைக்கு வந்தது. காரை நம்பி வேலைக்குப் போகிறவர்கள் பெருகினார்கள். இனி குளிர்காலத்திலும் சாலை திறந்திருந்தாக வேண்டும் என்ற நிலை உருவானது.

உப்பு வந்த கதை

ஆரம்பத்தில் பனிச் சாலையில் மணலும் சாம்பலும்தான் தூவினார்கள். 1941-42 குளிர்காலத்தில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம்தான் முதன்முதலாக உப்பு தூவுவதைப் பொதுக் கொள்கையாக ஏற்றது. அந்தக் குளிர்காலத்தில் நாடு முழுவதும் சாலைகளில் தூவிய உப்பு சுமார் 5,000 டன். பிற்பாடு இது ஆண்டுக்குக் கோடி டன் கணக்கில் வளர்ந்தது.

உப்பு வேலை செய்யும் விதம் எளிமையானது. வெறும் தண்ணீர் 0 டிகிரியில் உறையும். 23 சதவீத உப்புக் கரைசல் மைனஸ் 21 டிகிரி வரை உறையாது. ஆகவே பனிக்கட்டி சாலையில் ஒட்டாமல் கரைகிறது. விபத்துகளும் குறைகின்றன. ஆனால் அதே உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் என்பதால் இரும்பு துருப்பிடிப்பதையும் வேகப்படுத்துகிறது. சக்கரம் வாரி அடிக்கும் கரைசல் காரின் அடிப்பாகத்தில் இடுக்கு இடுக்காகப் போய் உட்கார்ந்துகொள்கிறது. கதகதப்பான ஷெட்டில் நிறுத்தினால் தப்பிக்கலாமா என்றால், சூட்டில் துரு இன்னும் வேகமாகத்தான் பிடிக்கும்!

இதில் வேடிக்கை என்னவென்றால், அமெரிக்கக் கார் தொழிலின் தலைநகரான டெட்ராய்ட் நகருக்கு அடியிலேயே, ஆயிரம் அடிக்கும் கீழே, ஒரு பெரிய உப்புச் சுரங்கம் இருக்கிறது. அதன் முதல் சுரங்க வாயில் 1910ல் முடிந்தது. மேலே காரைச் செய்யும் ஊரில், கீழே அந்தக் காரைத் தின்னும் உப்பு!

இரண்டாவது கார்

அந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் கார்கள் உப்புக்குச் சுலபமான இரை. 1962ல் வந்த பிரிட்டனின் எம்.ஜி.பி. காரை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குத் தனிச் சட்டம் கிடையாது. உடம்பே சட்டம். கதவுக்குக் கீழே ஓடும் பட்டை துருப்பிடித்தால் அழகு மட்டுமல்ல, வண்டியின் பலமே போய்விடும். போதாததற்கு ஸ்போர்ட்ஸ் கார்கள் தாழ்வானவை. பெரும்பாலானவற்றில் பின் சக்கரங்கள்தான் இழுக்கும். கோடைக்கால டயர் 7 டிகிரிக்குக் கீழே விறைத்துப் போய்ப் பிடிமானத்தை இழக்கும்.

எனவே இலையுதிர் காலம் வந்தால் பழைய கார்ச் சந்தை சூடு பிடிக்கும். ஜெர்மனியில் 1951 முதல் வாகனங்களுக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை தகுதிச் சோதனை கட்டாயம். அடுத்த சோதனைக்கு இன்னும் எத்தனை மாதம் இருக்கிறது என்பதை வைத்தே பழைய காரின் விலை பேசப்படும். வசந்தம் வரை தாங்கினால் போதும், பிறகு காயலான் கடைக்குப் போனாலும் கவலையில்லை என்பதுதான் வாங்குகிறவரின் எண்ணம்.

அரசும் இந்தப் பழக்கத்துக்கு ஏற்ப வளைந்து கொடுத்தது. 1997ல் ஜெர்மனி பருவகால நம்பர் பிளேட்டை அறிமுகப்படுத்தியது. எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை வண்டி ஓடலாம் என்பது பிளேட்டிலேயே இருக்கும். அந்த மாதங்களுக்கு மட்டும் வரி கட்டினால் போதும். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஸ்போர்ட்ஸ் கார், நவம்பர் முதல் மார்ச் வரை பழைய கார் என்று ஒருவர் வருடத்தைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். 2012ல் ஒரே நம்பரை இரண்டு வண்டிகளுக்கு மாற்றி மாட்டும் வசதியும் வந்தது. ஆனால் இரண்டுக்கும் முழு வரி என்றதால் மக்கள் அதை அவ்வளவாகச் சீண்டவில்லை.

ஆளை யார் காப்பாற்றுவது?

இந்தக் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. சாலை மிக ஆபத்தாக இருக்கும் மாதங்களில்தான், ஒருவர் தன்னிடம் உள்ளதிலேயே பழைய, மலிவான காரில் ஏறுகிறார். உடன் மனைவி, பிள்ளைகளும் ஏறுகிறார்கள்.

வழுக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக் 1978ல் மெர்சிடஸ் எஸ் கிளாஸ் காரில் வந்தது. வண்டி சுழன்றுவிடாமல் தடுக்கும் ஈ.எஸ்.பி. 1995ல் வந்தது. இரண்டுமே முதலில் விலை உயர்ந்த கார்களில்தான் வந்தன. அவை மலிவான கார்களுக்கு வந்து, அந்தக் கார்கள் பழசாகி, வின்டர் ஆட்டோ ஆக இன்னும் பல வருடங்கள் பிடித்தன. அதுவரை உலோகத்துக்குக் கிடைத்த பாதுகாப்பு உயிருக்குக் கிடைக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். சட்டமும் மெதுவாகத்தான் விழித்தது. கனடாவின் கியூபெக் மாகாணம் குளிர்கால டயரைக் கட்டாயமாக்கியது 2008ல். ஜெர்மனி 2006ல் பொதுவாகச் சொன்ன விதியை 2010ல்தான் தெளிவாக்கியது.

பழக்கம் தேய்ந்த விதம்

நல்ல காரையே குளிருக்குத் தயார் செய்யும் முயற்சியும் இன்னொரு பக்கம் நடந்தது. 1976 மாடலிலிருந்து போர்ஷே 911 காரின் உடல் முழுவதும் துத்தநாகம் பூசிய எஃகால் செய்யப்பட்டது. 1986ல் வந்த ஆடி 80 அந்தப் பாதுகாப்பைக் குடும்பக் காருக்கும் கொண்டு வந்தது. 1980ல் வந்த ஆடி குவாட்ரோ, நான்கு சக்கரமும் இழுக்கும் காரும் வேகமாக ஓடும் என்று காட்டியது. இரண்டாவது காருக்கான காரணங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. ஆனாலும் பழக்கம் முற்றிலும் மறையவில்லை.

நம்மூரில் சாலையில் உப்பு தூவுவதில்லை. ஆனால் மனசு ஒன்றுதான். புது வண்டிக்கு உறை போட்டு மூடிவிட்டு, மழையிலும் சேற்றிலும் தேய்ந்த டயரோடு பழைய மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பும் வீடுகள் எத்தனை!

மறுபடி கோயில் வாகனத்துக்கு வருவோம். தேர் கொட்டகைக்குள் பத்திரமாக நிற்கட்டும் என்பதற்காக, வாகனத்தை யாரும் ஏனோதானோ என்று செய்வதில்லை. சுமக்கும் தண்டு தாங்குமா, பீடம் ஆடுமா என்று பார்த்துப் பார்த்துத்தான் செய்கிறார்கள். காரணம் எளிது. தேரில் வருவதும் வாகனத்தில் வருவதும் ஒரே சாமிதான். இரண்டாவது வண்டி மலிவாக இருக்கலாம், தப்பில்லை. ஆனால் பிரேக்கும் டயரும் முதல் வண்டிக்கு இருப்பதைப் போலவே இருக்க வேண்டும். இரண்டிலும் ஏறப்போவது ஒரே ஆள்தானே?