ஒரு கல்லறை, நான்கு சான்றுகள்



பாஸ்கா திருவிழிப்பில் லூக்கா நற்செய்தியைக் கேட்டோம். மகதலா மரியா, யோவன்னா, யாக்கோபின் தாய் மரியா, இன்னும் சில பெண்கள் கல்லறைக்குப் போகிறார்கள். ஒளிவீசும் ஆடையில் இருவர் தோன்றுகிறார்கள். விடிந்ததும் ஞாயிறு திருப்பலியில் யோவான் நற்செய்தி. அங்கே வருபவர் மகதலா மரியா மட்டுமே. அன்று வாசித்த பகுதியில் வானதூதர் பேச்சே இல்லை.

திருப்பலி முடிந்ததும் கரியாலூர் இளைஞர் ஒருவர் நம்மிடம் வந்தார். கல்லூரி விடுதியில் நண்பர்கள் நான்கு நற்செய்திகளையும் ஒப்பிட்டுக் காட்டிச் சிரித்தார்களாம். "எது நிஜம் சாமி? எல்லாத்தையும் சேர்த்து ஒண்ணா எழுதி வச்சிருக்கக் கூடாதா?" என்றார். அவர் முகத்தில் விளையாட்டு இல்லை.

வேறுபாடுகள் உண்டு, பூசி மெழுக வேண்டாம். மாற்கு மூன்று பெண்களைச் சொல்கிறார், சலோமி அவர்களில் ஒருவர். கல்லறைக்குள் வெண்ணாடை அணிந்த இளைஞர் இருக்கிறார். மத்தேயுவில் நிலம் நடுங்குகிறது. வானதூதர் கல்லைப் புரட்டி அதன்மேல் அமர்கிறார். மத்தேயுவின் பெண்கள் சீடரிடம் சொல்ல ஓடுகிறார்கள். மாற்கின் பெண்களோ அச்சத்தால் ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த இளைஞர் கேட்டதை ஒருவர் செய்தே பார்த்தார். மறைச்சாட்சி புனித யுஸ்தீனின் மாணவர் தாத்தியான், ஏறக்குறைய 170ஆம் ஆண்டில் நான்கு நற்செய்திகளையும் ஒரே வரலாறாகக் கோத்தார். 'தியாத்தெசரோன்' என்று அதற்குப் பெயர். ஒத்துவராத தலைமுறை அட்டவணைகளை நீக்கிவிட்டார். வாசிக்க எளிது, கேள்விக்கும் இடமில்லை. சிரியாவின் ஆலயங்களில் நெடுங்காலம் அதையே வாசித்தார்கள். புனித எபிரேம் அதற்கு விளக்கவுரையே எழுதினார். ஆனால் 5ஆம் நூற்றாண்டில் சீருஸ் நகர ஆயர் தெயோதரேத்து, தம் பகுதி ஆலயங்களில் 200க்கும் மேற்பட்ட பிரதிகளைக் கண்டு, எல்லாவற்றையும் அகற்றி, அங்கே நான்கு நற்செய்திகளையும் வைத்தார். அதற்கு முன்பே, 180 அளவில், புனித இரேனியுஸ் நற்செய்தி நான்கே என்று எழுதியிருந்தார். சுலபமான ஒன்று கையில் இருந்தும், திருஅவை சிக்கலான நான்கை வைத்துக்கொண்டது.

நம் மலையிலும் இது புதிதல்ல. காஞ்சியிலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் கதையைக் கல்வராயனில் ஒருவிதமாகவும், கொல்லிமலையிலும் பச்சைமலையிலும் வேறுவிதமாகவும் சொல்வார்கள். வந்ததே பொய் என்று எந்தப் பெரியவரும் சொல்லமாட்டார். ஆயினும் அது வழிவழிக் கதை. நற்செய்தியோ கண்டவர்களிடமிருந்து வந்த சான்று. ஒப்புமை அந்த அளவோடு நிற்கட்டும். நற்செய்தியாளர்கள் பலவற்றிலிருந்து சிலவற்றைத் தேர்ந்து, தம் சபைகளின் நிலையை நோக்கி எழுதினார்கள் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1965இல் 'இறை வெளிப்பாடு' ஏட்டில் கூறியிருக்கிறது.

கடைசியில் அவருக்கு யோவான் 20:2ஐத் திறந்து காட்டினோம். தனியாக வந்த மரியா, பேதுருவிடம் ஓடிச்சென்று, ஆண்டவரை எங்கே வைத்தார்களோ 'எங்களுக்கு'த் தெரியவில்லை என்கிறார். 'எனக்கு' என்று சொல்லவில்லை.

இளைஞர் அந்த வரியை இரண்டு முறை படித்தார். "அப்போ கூட ஆள் இருந்திருக்காங்க. சலோமியை மத்தவங்க ஏன் சாமி விட்டுட்டாங்க?" என்றார்.

அடுத்த ஞாயிறு அதைப் பேசலாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறோம்.