இஸ்திஸ்கா: வயிற்று நீரும் இரத்தப் பயமும்

மழை பொய்த்தால் திடலில் கூடித் தொழும் தொழுகைக்கு ‘இஸ்திஸ்கா’ என்று பெயர். தண்ணீர் கேட்டல் என்பது பொருள். நல்ல தண்ணியின் அருமை தெரிந்த மண்கும்பான்வாசிகளுக்கு அந்தச் சொல்லை விளக்கத் தேவையில்லை. ஆனால் அதே சொல் அரபு வைத்திய நூல்களில் ஒரு நோய்க்கும் பெயர். நம் பரிசாரிமார் மகோதரம் என்றார்களே, அதுதான். வயிறு நிறைய நீர் கட்டியிருக்கும். நோயாளியோ தாகம் தாகம் என்பார்.

இந்த நோயை அரபு வைத்தியர்கள் மூன்றாகப் பிரித்தார்கள். உடம்பெல்லாம் வீங்குவது லஹ்மீ. வயிறு பறைபோல் ஒலிப்பது தப்லீ. தோல் துருத்தியில் தண்ணீர் தளம்புவதுபோல் தளம்புவது ஸிக்கீ. இதில் ஸிக்கீக்கு மட்டுமே கத்தி வைக்கலாம் என்றவர் குர்துபாவின் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி (936–1013). அவருடைய ‘கிதாபுத் தஸ்ரீஃப்’ 30 பாகங்கள் கொண்டது. கடைசிப் பாகம் முழுக்க அறுவை வைத்தியம்.

அவர் சொல்லும் முறை இது. நோயாளியை நிற்க வைத்து, உதவியாள் வயிற்றைக் கீழ்நோக்கி அழுத்த வேண்டும். தொப்புளுக்கு மூன்று விரற்கடை கீழே குத்த வேண்டும். நோய் ஈரலில் இருந்து வந்ததென்றால் இடப்பக்கம். மண்ணீரலில் இருந்தென்றால் வலப்பக்கம். பிறகு வெள்ளியாலோ வெண்கலத்தாலோ செய்த குழாயைச் செலுத்தி நீரை அளவோடு எடுக்க வேண்டும். ஒரேயடியாக எடுத்தால் ஆள் மயங்கி மௌத்தாகவும் கூடும். பலவீனமானவரைத் தொடவே கூடாது. சுசுருதரும் ஒரே நாளில் முழு நீரையும் எடுக்காதே என்றே சொல்லியிருக்கிறார்.

இரத்தத்தைப் பற்றியும் அஸ்ஸஹ்ராவிக்குப் பயம் இருந்தது. உடற்கூறு தெரியாத ஒருவன் ஒரு பெண்ணின் கழுத்துக் கட்டியைக் கீறி, நாடிகளை வெட்டி, அவள் அந்த இடத்திலேயே இரத்தம் போய் இறந்ததைத் தன் நூலின் முன்னுரையிலேயே எழுதுகிறார். நாடியிலிருந்து பாயும் இரத்தத்தை நிறுத்த நாலு வழி சொன்னார்: சூடு போடுதல், நாடியை முழுதாக அறுத்துவிடுதல், நூலால் கட்டுதல், மருந்து வைத்து இறுக்கிக் கட்டுதல். பயத்துக்கு அவர் கண்ட பதில் பின்வாங்குவது அல்ல. நாடி எங்கே ஓடுகிறதென்று படிப்பது.

அந்தப் படிப்பு யாழ்ப்பாணத்தில் தமிழிலேயே நடந்தது. 1847இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மாணவர்களுக்குத் தமிழில் மேலை வைத்தியம் கற்பித்தார். ‘இரணவைத்தியம்’, ‘மனுஷ அங்காதிபாதம்’ என்று நூல்களும் வந்தன. நோயாளியின் மொழியில் வைத்தியம் பேசலாம் என்று 150 வருடத்துக்கு முன்பே காட்டியாயிற்று.

இப்போது நம் வீட்டுக் கதைக்கு வருவோம். ஈரல் சுருங்கிய ஒருவரைப் பண்ணைப் பாலம் தாண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறோம். இரத்தப் பரிசோதனையில் உறைநேரம் கூடுதல், தட்டணுக்கள் குறைவு என்று வருகிறது. “இரத்தம் உறையாத ஆளுக்கு வயிற்றில் ஊசி குத்தலாமோ?” என்று வீட்டார் தடுக்கிறார்கள். பழைய வழக்கத்தில் வைத்தியர்களும் முதலில் பிளாஸ்மா ஏற்றினார்கள்.

அந்த வழக்கத்தை ஆய்வுகள் மாற்றிவிட்டன. 1986இல் வெளியான ஓர் ஆய்வில் 125 நோயாளிகளுக்கு 229 தடவை குத்தினார்கள். பெரும்பாலானோருக்கு உறைநேரம் கூடியிருந்தும், இரத்தம் ஏற்ற வேண்டிய கசிவு இரண்டே இரண்டுதான். 2004இல் வெளியான இன்னொன்றில், 1100 தடவை நீர் எடுத்தும் பெரிய இரத்தப்போக்கு ஒன்றுமில்லை.

காரணம் எளிது. இரத்தத்தை உறைய வைப்பவற்றையும், உறையாமல் தடுப்பவற்றையும் ஈரலே செய்கிறது. ஈரல் பழுதானால் இரண்டும் குறையும். தராசின் இரு தட்டும் சேர்ந்தே இறங்கும். உறைநேரப் பரிசோதனை ஒரு தட்டை மட்டும் பார்க்கிறது. ஆகவே எண்ணைத் திருத்துவதற்காக மட்டும் பிளாஸ்மா ஏற்றும் வழக்கம் தேவையில்லை என்பதே இன்றைய ஈரல் வைத்தியர்களின் வழிகாட்டல். அது நாளங்களில் அழுத்தத்தையும் கூட்டும்.

பயமே வேண்டாம் என்பதல்ல. உடம்பெங்கும் இரத்தம் கசிகிறவருக்கு வேறு கணக்கு. சிறுநீரகம் பழுதானவரிடம் கூடுதல் கவனம் வேண்டும். வயிற்றுச் சுவரில் ஓடும் நாடியையும் புடைத்த நாளங்களையும் விலக்கி, ஸ்கேன் பார்த்து, பெரும்பாலும் இடப்பக்கம் கீழே குத்துகிறார்கள். ஐந்து லீற்றருக்கு மேல் எடுத்தால், எடுத்த ஒவ்வொரு லீற்றருக்கும் சுமார் 8 கிராம் அல்புமின் ஏற்றுகிறார்கள். ஒரேயடியாக எடுத்தால் ஆள் சாயும் என்ற அஸ்ஸஹ்ராவியின் எச்சரிக்கைக்கு இன்றைய மறுமொழி அதுதான்.

தாமதம்தான் பெரிய ஆபத்து. அந்த நீரில் கிருமி தொற்றியிருந்தால், குத்திப் பார்க்காமல் தெரியாது; தள்ளிப்போட்ட ஒவ்வொரு மணித்தியாலமும் உயிரோடு விளையாடுவது. வயிற்று நோயில் மௌத்தானவர் ஷஹீது என்ற ஹதீஸ் நமக்கு ஆறுதல். ஆனால் அது வைத்தியத்தைப் பிந்தப்போடச் சொல்லும் அனுமதி அல்ல. டொக்டர் ஊசி என்றால், “இரத்தம் ஏற்றாமல் குத்தலாமா, ஏன்?” என்று கேளுங்கள். கேட்டுத் தெரிந்துகொண்டு கையெழுத்து வையுங்கள்.