மோசூலுக்குப் போன இரண்டு வகையினர்

2014 ஆகஸ்டில் தொண்டி இளைஞர்கள் 26 பேர் ஐ.எஸ். முத்திரை போட்ட டி-ஷர்ட்டோடு மசூதி முன்னால் நின்ற படம் ஊரெல்லாம் சுற்றியது. இரண்டு பேர் கைதானார்கள். சட்டை திருப்பூரில் அடித்தது என்று செய்தி வந்ததும் பிரிண்டிங் பட்டறை வைத்திருக்கும் நண்பரிடம் கேட்டேன். “நம்ம பட்டறை இல்லீங்க. ஆனா அரபி எழுத்து நமக்கு என்னங்க தெரியும்? டிசைன் குடுத்தா ஸ்கிரீன் போட்டு அடிச்சுக் குடுக்கறதுதான்” என்றார்.

சட்டை போடுவது வேறு, கிளம்பிப் போவது வேறு. போனவர்களைப் பற்றி உடனே சொல்லப்படும் காரணம் வறுமை. பனியன் கம்பெனி வாசலில் ஒடிசா, பீகார் பையன்கள் வந்து இறங்குவதைப் பார்ப்பவனால் இதை நம்ப முடிவதில்லை. வயிற்றுப்பாட்டுக்குப் போகிறவன் வேலை இருக்கும் ஊருக்குப் போகிறான். மோசூலுக்கும் அப்படிப் போனவர்கள் உண்டு: பெரும்பாலும் பஞ்சாபைச் சேர்ந்த கட்டடத் தொழிலாளர்கள். 2014 ஜூனில் ஐ.எஸ். பிடித்துக்கொண்டு போனதில் 39 பேர் கொல்லப்பட்டார்கள்.

அதே ஜூன் 29-ல் கிலாபத் அறிவிப்பு. அடுத்த நாட்களில் பாக்தாதி போராளிகளை மட்டும் கூப்பிடவில்லை. டாக்டர், என்ஜினியர், நீதிபதி எல்லோரும் வாருங்கள், இது உங்கள் நாடு என்றார். இதுதான் முக்கியமான வித்தியாசம் என்பது என் எண்ணம். அல்கொய்தா கேட்டது உயிரை. இவர்கள் குடியுரிமை தருகிறோம் என்றார்கள். 2016-ல் காசர்கோடு, பாலக்காட்டிலிருந்து ஆப்கானிஸ்தானின் நங்கர்ஹாருக்குப் போன 21 பேரில் படித்தவர்களும், மனைவிமார்களும், குழந்தைகளும் இருந்தார்கள்.

கிலாபத்துக்காக நாட்டை விட்டுப் போவது இங்கே புதிதில்லை. 1920-ல், பிரிட்டிஷ் ஆட்சியில் இனி வாழக்கூடாது என்று சிந்து, எல்லைப்புற மாகாண முஸ்லிம்கள் ஆயிரக்கணக்கில் ஆப்கானிஸ்தானுக்கு ஹிஜ்ரத் கிளம்பினார்கள். நிலத்தையும் மாட்டையும் கிடைத்த விலைக்கு விற்றார்கள். ஆகஸ்டில் அமீர் அமானுல்லா, இனி யாரும் வரவேண்டாம் என்று நிறுத்திவிட்டார். திரும்பும் வழியில் பலர் செத்தார்கள். திரும்பாத சிலர் தாஷ்கண்ட் போய், எம்.என். ராய் அந்த அக்டோபரில் தொடங்கிய கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார்கள்! அவர்களைத்தான் பிரிட்டிஷார் பெஷாவர் சதி வழக்குகளில் சிறைக்கு அனுப்பினார்கள். 1924-ல் துருக்கியே கிலாபத்தை ஒழித்தது.

அன்று ஊரே வழியனுப்பியது. நம் காலத்தில் வீட்டுக்கே தெரியாது. கடையநல்லூரில் கைதாகி, 2020-ல் ஆயுள் தண்டனை பெற்றவர் உம்ராவுக்கு என்று சொல்லிவிட்டுத்தான் இஸ்தான்புல் வழியாக மோசூல் போனார். கூட இருந்தவர்கள் கருகிச் சாவதைப் பார்த்துவிட்டு விலக நினைத்தபோது, அவரைச் சிறையில் போட்டது அந்தக் கிலாபத்தேதான்.