பதிவேட்டில் ஒரு பத்தி

நம் சங்கத்தின் குடியிருப்போர் பதிவேட்டைக் கணினிக்கு மாற்றப் போகிறோம். எந்த மென்பொருள் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதில் என்னென்ன விவரம் எழுதப் போகிறோம் என்று யாரும் கேட்கவில்லை. உலகம் இந்தக் கேள்வியைச் சந்தித்த கதை ஒன்று உண்டு.

நெதர்லாந்தில் 1936-இல், ஒவ்வொரு நகராட்சியும் ஆளுக்கோர் அட்டை வைக்க வேண்டும் என்று அரசு ஆணையிட்டது. பெயர், முகவரி, பிறந்த தேதி, கூடவே மதம். உள்நோக்கம் ஏதுமில்லை, நிர்வாக வசதிதான். 1940 மே மாதம் ஜெர்மானியப் படை நாட்டைப் பிடித்தது. மறு ஆண்டு யூதர்கள் தனியே பதிவு செய்ய உத்தரவு வந்தது. பதியாமல் தப்பப் பார்த்தாலும் பழைய அட்டை காட்டிக்கொடுக்கும்.

1943 மார்ச் 27 இரவு, சிற்பி கெரிட் வான் டெர் வேன், ஓவியர் வில்லெம் அரோண்டேயஸ் முதலானோர் போலீஸ் உடையில் ஆம்ஸ்டர்டாம் பதிவகத்துக்குள் நுழைந்து தீ வைத்தார்கள். எரிந்தது கொஞ்சம்தான். பன்னிரண்டு பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். போர் முடிவதற்குள் அந்நாட்டு யூதர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் கொல்லப்பட்டிருந்தார்கள். அட்டையில் அந்த ஒரு விவரம் இல்லாதிருந்தால், தேடியவர்களுக்கு வேலை அவ்வளவு எளிதாக இருந்திருக்காது.

அட்டைகள் கணினிக்குப் போனபின் 1970-இல் ஐ.பி.எம். ஆய்வாளர் எட்கர் காட், தகவலை வரிசையும் பத்தியுமான அட்டவணைகளாக வைக்கும் முறையை வகுத்தார். நமக்குப் புரியும்படி சொன்னால்: வீடுகளுக்கு ஓர் அட்டவணை, வாகனங்களுக்கு இன்னொன்று, இரண்டையும் இணைப்பது வீட்டு எண். போன் நம்பர் மாறினால் ஓரிடத்தில் திருத்தினால் போதும். அதே 1970-இல்தான் ஜெர்மனியின் ஹெஸ்ஸே மாநிலம் உலகின் முதல் தகவல் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. நம் நாட்டில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2017-இல். தனிநபர் தரவுச் சட்டம் வந்தது 2023-இல்.

மென்பொருளுக்கு வருவோம். நம் அளவுக்கு லிபர்ஆபீஸ் பேஸ் போதும், காசும் இல்லை. மை-எஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் எல்லாம் நமக்குப் பெரிய சட்டை. கேட்டில் பயன்படுத்தும் செயலிகள் வசதிதான். ஆனால் நம் விவரம் வேறொருவர் கணினியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

வரைவுப் படிவத்தைப் பார்த்தேன். வீட்டு எண், பெயர், போன், அவசரத்துக்கு அழைக்க ஒருவர், வண்டி எண்: இவை வேண்டும். ஆதார் எண்ணும், 'சைவமா, அசைவமா' என்ற பத்தியும் எதற்கு என்று அடுத்த பொதுக்குழுவில் கேட்கப் போகிறேன்.