பார்த்த படமும் பாராத படமும்

சினிமாப் பித்துப் பிடித்த ஒருவரிடம் போய், "இதுவரை வந்த படங்களிலே உங்களுக்கு மிகவும் பிடித்தவை எவை?" என்று கேட்டுப் பாருங்கள். உடனே விரல்விட்டு எண்ணத் தொடங்கிவிடுவார். பத்துப் படம் சொல்வார். சொல்லி முடிப்பதற்குள் இரண்டைத் தள்ளிவிட்டு வேறு இரண்டைச் சேர்ப்பார். பக்கத்தில் இன்னொரு ரசிகர் இருந்துவிட்டால் சண்டை நிச்சயம். நானும் அந்த ஜாதிதான். என்னிடமும் ஒரு பட்டியல் உண்டு. ஆனால் அதை அவிழ்க்குமுன் இன்னொரு கேள்வியும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. இந்தப் படங்கள் நம்மிடம் எப்படி வந்து சேர்ந்தன? வந்து சேராமலே போனவை எத்தனை?

எங்கள் ஊர் வாலாஜாபாத். ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய ஊர். ஒரு காலத்தில் கும்பினிப் பட்டாளம் தங்கியிருந்த இடம். பட்டாளம் எப்போதோ போய்விட்டது. பாலாறும், செங்கற்பட்டிலிருந்து அரக்கோணத்துக்குப் போகும் ரயிலும், சுற்றுப்புறக் கிராமங்களில் தறிச் சத்தமும் மிச்சம். காஞ்சிபுரம் சுமார் 15 கிலோமீட்டர்தான். ஆனால் பட்டணத்தில் வெளியான படம் அந்தப் 15 கிலோமீட்டரைத் தாண்டி எங்கள் பக்கத்து டெண்டுக் கொட்டகைக்கு வந்து சேர மாதக் கணக்காகும். சில சமயம் வருஷக் கணக்காகும். காரணம் சோம்பல் அல்ல, வாடகை. தரை டிக்கெட்டை நம்பிப் பிழைக்கிற கொட்டகைக்காரருக்குப் புதுப் படம் கட்டுப்படியாகாது. பட்டணத்திலும் காஞ்சிபுரத்திலும் ஓடிக் களைத்து, மழைக்கோடு விழுந்து, நடுநடுவே அறுந்து ஒட்டின பிரதிதான் அவருக்குக் கிடைக்கும். ஆகவே பழைய படங்களே திரும்பத் திரும்ப வந்தன. 1980-க்குப் பிறகு நினைவு தெரிந்த என்னைப் போன்றவன் 1944-ம் வருஷத்துப் படத்தை மணலில் உட்கார்ந்து பார்க்க முடிந்ததென்றால், அது அந்த வாடகைக் கணக்கின் புண்ணியம்.

இந்தக் கூடாரப் பரம்பரைக்கு மூலபுருஷர் சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் வரைபடம் போடும் உத்தியோகம் அவருக்கு. 1905-ல் டூபான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் யந்திரத்தையும் ஏசுநாதர் சரித்திரப் படச் சுருளையும் விலைக்கு வாங்கினார். உத்தியோகத்தை உதறிவிட்டு ஊர் ஊராகக் கிளம்பிவிட்டார். மாதச் சம்பளத்தை விட்டுவிட்டுக் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு திரிவதென்றால் அந்த நாளில் வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நான் யோசித்துப் பார்ப்பதுண்டு.

இனிப் பட்டியல். முதலிடம் எதற்கு? எங்கள் தெருக் கிழவர்களைக் கேட்டிருந்தால் சந்தேகமே இல்லாமல் 'சிந்தாமணி' என்பார்கள். 1937-ல் வந்த படம். ஒய். வி. ராவ் எடுத்தது; தியாகராஜ பாகவதரும் அசுவத்தம்மாவும் நடித்தது. பட்டணத்தில் ஒரே கொட்டகையில் ஒரு வருஷம் ஓடியது. அதில் கிடைத்த லாபத்தில் மதுரைக்காரர்கள் ஒரு கொட்டகையே கட்டி, அதற்குச் சிந்தாமணி என்றே பெயரும் வைத்துவிட்டார்கள். என் தாத்தா அந்தப் படத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சாப்பாடு ஆறிப்போகும். "அதைப் பார்க்காதவனுக்கு சினிமாவைப் பற்றிப் பேச என்னடா யோக்கியதை?" என்பார்.

யோக்கியதையைச் சம்பாதித்துக்கொள்ள வழியில்லை. சிந்தாமணியின் பிரதி ஒன்றுகூட இன்று எங்கும் இருப்பதாகத் தெரியவில்லை. தாத்தாவோடு வாதாடவும் முடியாது, ஒப்புக்கொள்ளவும் முடியாது. கட்டிடத்துக்கு வைத்த பெயர் நிலைத்தது. கட்டிடத்தைக் கட்டிக் கொடுத்த படம் போய்விட்டது.

அது ஒன்று மட்டுமா? 1931 தீபாவளியை ஒட்டி வந்த முதல் தமிழ்ப் பேசும் படம் 'காளிதாஸ்' இல்லை. அதில் கதாநாயகியாக நடித்த டி. பி. ராஜலட்சுமி 1936-ல் தாமே எழுதி, தாமே டைரக்ட் செய்த 'மிஸ் கமலா' இல்லை. தென்னாட்டிலே ஒரு பெண் முதன்முதலில் டைரக்ட் செய்த படம் அது. நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த 'கீசக வதம்' முதலான மௌனப் படங்களும் இல்லை. காளிதாஸின் பாட்டுப் புத்தகம் இருக்கிறது, விளம்பரங்கள் இருக்கின்றன. கல்யாணப் பத்திரிகை கையில் இருக்க, கல்யாண வீட்டையே காணோம் என்கிற கதைதான்.

போனதற்குக் காரணம் அந்தக் காலத்துப் படச் சுருளிலேயே இருந்தது. நைட்ரேட் என்ற பொருளால் ஆனது அது. வெடி மருந்துக்கு நெருங்கிய உறவு. சும்மா வைத்திருந்தாலே பிசுபிசுத்து, பிறகு பொடியாகிவிடும். தீப்பற்றினாலோ தண்ணீருக்குக்கூட அடங்காது. 1950-களின் தொடக்கத்தோடு பெரும்பாலும் அதைத் தயாரிப்பதையே நிறுத்தினார்கள். தீயிலிருந்து தப்பினதை வியாபாரம் விடவில்லை. படச் சுருளின் மேல்பூச்சில் வெள்ளி உண்டு. ஓடி முடிந்த படத்தைக் கரைத்தால் நாலு காசு கிடைக்கும். சேமித்து வைக்கச் சர்க்கார் காப்பகம் புனேயில் ஏற்பட்டதே 1964-ல்தான். அதற்குள் பேசும் படத்துக்கு முப்பது வயது கடந்துவிட்டது. அந்தப் புனே நகரத்திலும் 2003 ஜனவரியில் ஒரு கிடங்கு தீப்பிடித்து ஆயிரக்கணக்கான நைட்ரேட் சுருள்கள் எரிந்துபோயின.

எது பிழைத்தது என்பதிலும் விதி வேடிக்கை பார்த்திருக்கிறது. தென்னாட்டு மௌனப் படங்களில் நமக்குக் கிடைத்திருப்பது 'மார்த்தாண்ட வர்மா' ஒன்றே. சி. வி. ராமன் பிள்ளையின் மலையாள நாவலைத் தழுவி சுந்தர்ராஜ் தயாரித்து 1933-ல் திருவனந்தபுரத்தில் திரையிட்டது. நாவலின் உரிமை எங்களுடையது என்று புத்தகப் பதிப்பாளர் வழக்குப் போட்டார். படம் நின்றது, பிரதி பதிப்பாளர் வசம் போயிற்று. புத்தகக் கட்டுகளோடு கட்டாக நாற்பது வருஷம் கிடந்தது. 1974-ல் புனே காப்பகம் அதை வாங்கிக்கொண்டது. வழக்கு மட்டும் வராமலிருந்தால் அந்தப் படமும் ஊர் ஊராக ஓடித் தேய்ந்து வெள்ளிக்குக் கரைந்திருக்கும். ஓடாத காரணத்தால் பிழைத்த படம்! ஓடி ஓடியே செத்த சிந்தாமணியை நினைத்தால் வயிறு எரிகிறது.

ஆகையால் என் பட்டியலில் பாகவதர் படமென்று நான் சொல்லக்கூடியது 'ஹரிதாஸ்'. யுத்தக் காலத்தில் பிலிமுக்குப் பஞ்சம். படம் 11,000 அடியைத் தாண்டக்கூடாது என்று சர்க்கார் உத்தரவு. முந்தின படங்களில் பாட்டுக்கு மேல் பாட்டாக இழுத்துக்கொண்டு போனவர்களுக்கு அந்த உத்தரவு நல்ல வைத்தியம் என்பது என் அபிப்பிராயம். தாய் தகப்பனை விரட்டிவிட்டு ஆடிப் பாடித் திரிகிறவன் காலை இழந்து, பிறகு அந்தத் தாய் தகப்பனின் காலடியிலேயே கிடக்கிறான். கதை அவ்வளவுதான். 1944 அக்டோபரில் வெளியான அந்தப் படம் சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளி கண்டது. படம் வந்து சில வாரங்களுக்குள் பாகவதரும், அதே படத்தில் சிரிக்க வைத்த என். எஸ். கிருஷ்ணனும் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதானார்கள். 1947-ல்தான் விடுதலை. திரையில் ராஜா மாதிரி குதிரைமேல் வருகிறவர் நிஜத்தில் கம்பிக்குப் பின்னால் இருக்க, சனங்கள் இரண்டு தீபாவளிக்கும் கொட்டகையில் உட்கார்ந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த இருட்டில் அவர்கள் மனத்தில் என்ன ஓடியிருக்கும்? எனக்கு ஒரு நாவல் எழுதத் தோன்றுகிறது.

'அந்த நாள்' நேர் எதிர். 1954-ல் வீணை எஸ். பாலசந்தர் டைரக்ஷனில் ஏ.வி.எம். எடுத்தது. 1943-ல் ஜப்பான்காரன் சென்னையில் குண்டு போட்டதற்கு மறுநாள், ஒரு ரேடியோ என்ஜினீயர் சுட்டுக் கொல்லப்படுகிறான். யார் சுட்டது? ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள். பாட்டு ஒன்றுகூடக் கிடையாது, நடனமும் கிடையாது. வெளியானபோது சனங்கள் முகம் சுளித்தார்கள், வசூல் இல்லை. பிற்பாடு எங்கள் கொட்டகையில் பார்த்தபோதுகூட, பாட்டு வரும் வரும் என்று காத்திருந்து ஏமாந்த ஒரு கிழவி டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டாள். சுட்டது யார் என்று இங்கே சொல்லமாட்டேன். பார்க்காதவர்களுக்கு அந்த அரை நிமிஷம் பத்திரமாக இருக்கட்டும்.

காஞ்சிபுரம் பக்கத்துக்காரன் 'வேலைக்காரி'யை விட முடியுமா? அண்ணாதுரை காஞ்சிபுரத்தில் பிறந்து, நகரசபையில் குமாஸ்தாவாக இருந்து, பத்திரிகை நடத்தி, நாடகம் எழுதியவர். அவருடைய நாடகம் 1949-ல் ஏ. எஸ். ஏ. சாமி டைரக்ஷனில் படமாயிற்று. அதுவரை படத்தை மறந்தாலும் பாட்டை மறக்கமாட்டார்கள். அதன் பிறகு கொட்டகையை விட்டு வெளியே வருகிறவன் வசனத்தை முணுமுணுத்துக்கொண்டு வந்தான். அது நல்லதற்கா, கெட்டதற்கா என்று இன்னும் என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

'சந்திரலேகா'வைப் பற்றி என்ன சொல்ல? முரசு நடனத்துக்காகவே சேர்க்கலாம். சேர்த்தாயிற்று. கல்கியின் 'தியாகபூமி' 1939-ல் வந்து, பிறகு சர்க்காரால் தடை செய்யப்பட்டது. தடைப்பட்ட படம் இன்று பார்க்கக் கிடைக்கிறது என்பதே ஒரு சந்தோஷம்.

கடைசியாக, கிட்டத்துக் காலத்துப் படம் ஒன்று: பிரியதர்ஷன் எடுத்த 'காஞ்சிவரம்'. சிறந்த படத்துக்கும், பிரகாஷ்ராஜுக்குச் சிறந்த நடிகர் என்றும் தேசிய விருது பெற்றது. தன் மகள் கல்யாணத்தில் பட்டுப் புடவை கட்ட வேண்டுமென்று சபதம் செய்த நெசவாளி, முதலாளி வீட்டுப் பட்டு இழையைத் தினம் கொஞ்சமாக வாயில் அடக்கிக்கொண்டு வந்து இரகசியமாக நெய்கிறான். எங்களுக்குத் தெரிந்த நெசவாளர் ஒருவர் அதைத் தொலைக்காட்சியில் பார்த்தார். மூன்று தலைமுறையாகத் தறிக் குழியில் கால் வைத்த குடும்பம். படத்தில் கதை சரியாக ஒட்டவில்லை என்றால், "கோர்வை விட்டுப்போச்சு" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறவர். உடலும் கரையும் சேருகிற இடத்தையே பார்த்துப் பழகின கண் அல்லவா?

"எப்படி இருந்தது, அண்ணே?" என்று கேட்டேன்.

"பாதியிலே கரண்டு போயிடுச்சு, தம்பி. அவன் புடவையை நெஞ்சு முடிச்சானா?"

"முடிக்கவில்லை" என்றேன்.

அவர் தறியில் கையை வைத்தபடி சற்று நேரம் கணக்குப் போட்டார்.

"முடிக்க முடியாது, தம்பி. வாயிலே அடக்கிக்கிட்டு வர்ற நூலு முந்திக்கே பத்தாது" என்றார்.